ரூத்தின் பெட்டியும் நம் வீட்டு ஆயுத பூஜையும்

கண்ணு,

நீ இதைப் பிரிக்கும்போது ரயில் மொரப்பூரைத் தாண்டியிருக்கும். பசியெடுத்துப் புளிசாதத்தைத் தேடியிருப்பாய். தூக்குப்போசிக்கு மேல் மடித்து வைத்த இந்தத் தாள்கள் கையில் தட்டுப்பட்டிருக்கும். முதலில் சாப்பிட்டுவிடு. நான் எழுதியது எங்கும் போகாது. ஜன்னலோரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாய்? அந்த இடத்துக்காக உன் அப்பா சேலம் ஜங்ஷனில் வண்டி நிற்கும் முன்பே தாவி ஏறியிருப்பார், எனக்குத் தெரியும். இதை நான் எழுதும் இந்த மத்தியானத்தில் நீ அடுத்த அறையில் இருக்கிறாய். இன்னும் பார்த்திராத சென்னையைப் பற்றி, அங்கேயே பிறந்து வளர்ந்தவள் போல உன் தோழிகளிடம் அளந்துகொண்டிருக்கிறாய். அந்தக் குரல் கேட்கக் கேட்க என் பேனாவுக்கு வேகம் கூடுகிறது. உன் பெயர் மருத்துவக் கல்லூரியில் எழுதப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்ததிலிருந்து நான் எதையும் நிதானமாகச் செய்யவில்லை. நேற்று பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டையும் மறந்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நமக்குள் பதினாறு வயதுதான் வித்தியாசம். பஸ் ஸ்டாண்டில் நம்மைப் பார்த்து அக்கா தங்கையா என்று கேட்கிறார்கள். உனக்குக் கோபம் வருகிறது, எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் நீ கேலி செய்வாய், நான் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். எனக்குப் பேச்சைவிடத் தாள் பழக்கம். இந்த ஊருக்கு வருகிற பத்திரிகைகளையும், ஆஸ்பத்திரி டாக்டரம்மா இரவல் தரும் புத்தகங்களையும் நான் படித்துத் தீர்ப்பது உனக்குத் தெரியும். படித்ததைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை என்பதும் தெரியும். எனவே இதையும் படித்துக்கொள்.

முந்தாநாள் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது நீ ஒன்று கேட்டாய். பத்திரிகையில் வடக்கிலிருந்து வரும் அகதிகளின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரூத்து அக்காளும் அகதிதானே? அவங்க என்னத்த எடுத்துக்கிட்டு வந்தாங்க? அவங்க வந்தன்னைக்குப் பாத்ததுல எனக்கு அவங்க பின்னலு மட்டுந்தான் ஞாபகமிருக்குது" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. போர் தொடங்கிய வருஷத்து ஆயுத பூஜை நோம்பிக்கு நீ உன் மாமன் வீட்டுக்கு ஆட்டையாம்பட்டி போயிருந்தாய். நம் வீட்டில் நடந்ததில் மிகவும் பரபரப்பான ஒரு நாளை நீ தவறவிட்டுவிட்டாய். அதை இப்போது தருகிறேன்.

டாக்டரம்மாவை உனக்கு நன்றாகத் தெரியும். உனக்குப் பின் பிறக்காமலே போன குழந்தையின்போது என்னைப் பிழைக்க வைத்தவர் அவர்தான். அவர் ஜெர்மனியில் பிறந்த யூதர். ஒரு ஆங்கிலேயரை மணந்து, அவரை இழந்து, பிழைப்புத் தேடி நம் ஊர் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். ரூத் அவருடைய அக்காள் மகள். நாஜிகள் அங்கே யூதர்களின் கடைகளை உடைத்து, பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைத் துரத்தி, ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில், மகளையாவது வெளியேற்றிவிட வேண்டும் என்று அந்த அக்காள் துடித்திருக்கிறார். டாக்டரம்மா இங்கிருந்து எழுதாத ஆள் இல்லை, ஏறாத படி இல்லை. கடைசியில் ரூத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு சின்ன அறை. "எங்கூட்டுல இருக்கட்டுமுங்க, எங்க புள்ளையோட புள்ளையா" என்று உன் அப்பா சொன்னார். அப்படித்தான் அவள் வந்தாள்.

சித்திரை வெயிலில், சேலத்திலிருந்து வந்த நம் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. பதினேழு வயது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் கனமான கம்பளிக் கோட்டு. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுகிறது, கோட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். ஒரு பெட்டிக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே சட்டமாம். பெட்டியில் இடம் இல்லாததால் கோட்டை அவள் அம்மா உடம்பிலேயே மாட்டி அனுப்பியிருக்கிறார். உன் அப்பா பஸ்ஸின் மேலே ஏறிப் பெட்டியை இறக்கினார். ஒரு கையால் தூக்கிவிட்டு, திரும்ப மேலே தேடினார். "ஏனுங் டாக்டரம்மா, மிச்சப் பொட்டியெல்லாம் பொறவு வருதுங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா இல்லை என்று தலையசைத்ததும், அவர் அந்தச் சின்னப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கையில் தொங்கவிட்டுக்கொண்டு வரக்கூடிய பெட்டிதான் அது. ஏனோ அவருக்கு அப்படித் தூக்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பணம் கொண்டுவரக் கூடாது, நகை கொண்டுவரக் கூடாது. எனவே அதில் விலை பெறும்படி ஒன்றும் இல்லை. ஒரு சீப்பு, பல் தேய்க்கும் பிரஷ், பெற்றோரின் படம், கைக்குட்டைகள், நாலைந்து கவுன்கள். ஒரு கவுனை எடுத்து உதறிக் காட்டினாள். இடுப்பிலும் கீழ் ஓரத்திலும் மடிப்பு மடிப்பாக உள்ளே பிடித்துத் தைத்திருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஓடிப்போய் உன் பாவாடை ஒன்றை எடுத்துவந்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட நான் பிடித்திருந்த டக்குகளைக் காட்டினேன். அவள் என் டக்கைத் தொட்டாள், நான் அவள் அம்மாவின் டக்கைத் தொட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதிகூட வாயில் வரவில்லை, அவளுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டதுபோல் நான் யாரிடமும் பேசியதில்லை. அந்த அம்மாள் எத்தனை வருஷத்துக்கு மகளைப் பார்க்க முடியாது என்று கணக்குப் போட்டிருந்தார் என்பது தையலில் தெரிந்தது.

பெட்டியின் அடியில், பழைய பிளானல் துணியில் சுற்றிய இரண்டு இரும்புகள் இருந்தன. காலணிக்கு அடியில் வைத்துச் சாவியால் முடுக்கிக்கொள்வது. கீழே நீளமாக ஒரு கத்தி. குளிர்காலத்தில் அவள் ஊர் ஏரி உறைந்து பாறையாகிவிடும், அதன்மேல் சறுக்கிக்கொண்டு போவதற்கான கத்திகள் அவை. நாமக்கல்லுக்கு இதையா கொண்டுவந்தாள் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. தமிழ் கொஞ்சம் பழகிய பிறகு அவளே சொன்னாள். எல்லாம் அடுக்கி முடித்த பின் கையகல இடம் மிஞ்சியதாம். "இது உன்னோட இடம், நீயே ஏதாவது வெச்சுக்கோ" என்று அவள் அம்மா சொன்னாராம். இவள் இதை எடுத்து வந்தாளாம். அம்மா ஒரு சொல் சொல்லவில்லையாம். எல்லையில் ரயிலில் ஏறிய காவலர்கள் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, அவள் குழந்தையில் சாப்பிட்ட வெள்ளிக் கரண்டியை எடுத்துக்கொண்டார்கள். சறுக்குக் கத்திகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தியாவுக்கா என்று சிரித்து எறிந்துவிட்டுப் போனார்கள்.

ரூத்தின் அம்மா பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர், கண்ணு. நம் ஊரில் ஏரி உறையாது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் அந்த இடத்தில் இன்னொரு உள்பாடியையோ துண்டையோ திணிக்கவில்லை. இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். மகளுக்குப் பெட்டி அடுக்குகிற அம்மாக்களுக்குக் கை நிற்காது. என் கையும் நிற்கவில்லை என்பதை நேற்று பார்த்தாய். உபயோகம் என்ன என்று கேட்காமல் ஒரு பொருளை மகளோடு அனுப்ப எத்தனை தைரியம் வேண்டும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

செப்டம்பரில் போர் வந்தது. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்த எல்லாரும் ஒரே நாளில் எதிரிகள் ஆனார்கள். ரூத்தின் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் பாஸ்போர்ட்தான். யூதர் என்று அதில் முத்திரை குத்தி விரட்டியவர்களும், விரட்டப்பட்ட அவளும் நம் சர்க்காருக்கு ஒன்றாகத் தெரிந்தார்கள். வடக்கே ஏதோ முகாமில் எல்லா ஜெர்மானியரையும் ஒன்றாகப் பூட்டிவைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கிருந்து தப்பித்தாளோ அவர்களோடேயே ஒரே வேலிக்குள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் சாப்பாடு பாதியானது. டாக்டரம்மா லீவு போட்டுவிட்டு, இவளை விட்டுவிடச் சொல்லி மேலதிகாரிகளைப் பார்க்கச் சென்னைக்குப் போனார். போனவரிடமிருந்து ஆயுத பூஜைக்கு முன்தினம் தந்தி வந்தது: உத்தரவு கிடைத்துவிட்டது, கையோடு வாங்கி மெயிலில் வருகிறேன், பூஜைக்கு மறுநாள் விடியலில் சேலத்தில் இறங்குகிறேன் என்று. வீடே துள்ளியது. அந்தச் சந்தோஷத்தில்தான் உன் அப்பா பூஜைக்கு அவ்வளவு தடபுடல் செய்தார்.

ஷெட்டில் பஸ்ஸைக் கழுவி, வாழைமரம் கட்டி, மாலை போட்டாயிற்று. கூடத்துப் பலகையில் ஜாக்கி, ஸ்பானர்கள், அரிவாள், என் தையல் கத்தரி, உன் பாடப் புத்தகங்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. உன் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு திரும்பினார்.

"ஏனம்மிணி, அல்லாரு ஆயுதமும் வெச்சாச்சு. உன்றது எங்க?"

"எனக்கு ஆயுதம் இல்லைங்க அண்ணா" என்றாள் ரூத். அதற்குள் நம் ஊர்ப் பேச்சு அவள் நாக்கில் ஏறியிருந்தது.

"பொட்டிக்குள்ள துணி சுத்தி ஒரு இரும்பு வெச்சிருக்கறயே, அதென்ன?"

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். உன் அப்பாவுக்கு இரும்பைக் கண்டால் போதும். சாவியைப் போட்டு முடுக்கினார், தளர்த்தினார். "அடேயப்பா, காலு பெருசாகப் பெருசாக இதும் பெருசாகுதே. எந்தத் தொழிலுக்குச் சாமி இது?"

"ஐஸ் மேலங்க. காலுல கட்டி, ஐஸ் மேல போறதுங்க."

உன் அப்பாவுக்குத் தெரிந்த ஐஸ் ஒன்றுதான்: சேலத்திலிருந்து மரத்தூளில் புதைத்து நம் பஸ்ஸில் சோடாக் கடைக்கு வருகிற பாளம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் விளக்கினார். "அந்தச் சீமையில ஐஸு பாறையாட்டம் கெடக்குமாட்டருக்குது. காலுல கத்தியக் கட்டி மிதிச்சு மிதிச்சுப் பாளம் பாளமா அறுப்பாங்க. நம்மூர்ல மரமேறி காலுக்குத் தளை போடறாப்பல. பாவம், இந்த வயசுல என்ன வேலையெல்லாம் செஞ்சிருக்குது." நான் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். ரூத் என் கையை அமுக்கினாள். "சும்மா இருங்கக்கா" என்றாள். அவர் இரண்டு கத்திகளுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு செவ்வந்தியையும் சாத்தினார். எல்லையில் எறியப்பட்ட பொருள் அப்படி உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சூடம் அணைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு வாசலில் நின்றார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் கையில் மேலிடத்து உத்தரவு. ரூத்தை, அவள் கொண்டுவந்த எல்லாப் பொருளோடும் அன்றே அழைத்துப் போய்ச் சேலத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே மற்றவர்களோடு சேர்த்து ரயில் ஏற்றிவிடுவார்கள்.

உன் அப்பா தந்தியைக் காட்டினார். "தந்தி உத்தரவாகாதுங்களே" என்றார் அவர் வருத்தமாக. "பொண்ண ரெடியாவச் சொல்லுங்க. அது வந்தப்ப என்னென்ன கொண்டாந்துச்சோ ஒண்ணு விடாம வரணும். அப்புறம் அது எங்க இது எங்கன்னு என்னத்தான் கேப்பாங்க."

ரூத் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ரூத் வந்த அன்று ஸ்டேஷனில் பதிந்து வைத்த பொருள்களில் சறுக்குக் கத்தி மட்டும் காணவில்லை. உன் அப்பா பலகையைக் காட்டினார். கான்ஸ்டபிள் இரண்டு எட்டு வைத்தார், குங்குமத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எசமான், பூசையில வெச்சுட்டாங்க."

"எடுய்யா."

"நானுங்களா?" என்றார் கான்ஸ்டபிள். "எம் பொஞ்சாதி புள்ளத்தாச்சிங்க."

உனக்குத் தெரியும், பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் நம்மில் யாரும் தொட மாட்டார்கள். அன்று ஊரில் ஒரு ஏர் நகராது, ஒரு மூட்டை தைக்க மாட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. ஸ்டேஷனில் அவருடைய துப்பாக்கிகளே மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். பிறகு, "சரி, நாளைக்கு மத்தியானம் ஒரு ரயில் இருக்கு. காலைல வரேன்" என்றார். உன் அப்பா சந்தோஷத்தில், "அப்ப நானு ராத்திரியே பஸ்ஸ எடுத்துட்டுப் போயி மெயிலுக்குக் காத்துக்கிட்டிருக்கறனுங்க, விடிஞ்சதும் டாக்டரம்மாவக் கூட்டியாந்தர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

படியிறங்கியவர் திரும்பி வந்தார். "பஸ்ஸும் பூசையிலதானே இருக்கு? அத எடுத்தீங்கன்னா பூசை கலைஞ்சுதுன்னு அர்த்தம். அப்புறம் நானும் அந்த இரும்ப எடுத்துடுவேன். இவன இங்கயே விட்டுட்டுப் போறேன், பாத்துக்குவான்."

எங்களுக்கு ஒரு ராத்திரியைக் கொடுத்த அதே வழக்கம், அந்த ராத்திரியில் எங்கள் பஸ்ஸையும் கட்டிப்போட்டுவிட்டது. வேறு வண்டி ஏது? ஊரிலிருந்த வண்டி எல்லாமே மாலையும் கழுத்துமாக நின்றது. விடிந்து மறுபூஜை முடிந்த பிறகுதான் உன் அப்பா கிளம்ப முடியும். சேலம் போய்த் திரும்ப வெயில் ஏறிவிடும். அதுவரை ரூத்தை இந்த வீட்டிலிருந்து யாரும் கிளப்பிவிடாமல் இருக்க வேண்டும். அது என் பொறுப்பு.

விடிந்ததும் தேங்காயை உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு பஸ் பறந்தது. உன் அப்பா அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் காப்பி குடித்துவிட்டு வாடகைக் காரில் வந்து இறங்கியபோது பஸ் மல்லூரைத் தாண்டியிருக்குமோ என்னவோ.

"பூசை முடிஞ்சுதில்ல? அந்த இரும்ப எடுத்துப் பொட்டில வெக்கச் சொல்லும்மா."

நான் அந்நிய ஆண்களிடம் வாய் திறப்பவள் இல்லை, கண்ணு. அன்றைக்கு என் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. "முடியலைங்க. எடுத்த ஆயுதத்துல ஒருக்காத் தொழில் செய்யோணுமில்லைங்களா? அது ஆகாம எப்படிங்க உள்ள வெக்கறது? நீங்களும் காலையில பேனாவுல ரண்டு எழுத்து எழுதித்தானுங்களே வந்திருப்பீங்க?"

அவர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "வாஸ்தவந்தானுங்க எசமான்" என்றார் கான்ஸ்டபிள்.

"சரி, செய்யச் சொல்லு. எதுக்கு அது?"

"ஐஸ் மேல போறதுக்குங்க."

"ஐஸ் எங்கம்மா?"

நான் ஷெட்டைக் காட்டினேன். பஸ் போய்விட்டதால் சிமெண்டுத் தரை முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. வருஷக்கணக்காக ஆயில் சொட்டி ஊறிய தரை, வழுவழுவென்று இருக்கும். சவுக்காரத்தைக் கரைத்துக் குடம் குடமாக ஊற்றினேன். எவ்வளவு மெதுவாக ஊற்ற முடியுமோ அவ்வளவு மெதுவாக ஊற்றினேன். அதற்குள் தெரு கூடிவிட்டது. ரூத் தன் பழைய தோல் காலணியைப் போட்டு, சாவியை எடுத்து முடுக்கினாள். ஒரு கால் சரியாகப் பொருந்தவில்லை என்று கழற்றினாள், மறுபடி மாட்டினாள். அவளுக்கும் விஷயம் புரிந்திருந்தது. எழுந்து நின்றாள், ஒரு அடி வைத்தாள், சவுக்காரத் தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்தாள். கூட்டம் சிரித்தது.

"ஐஸ் அறுக்கறவ இத்தன மெல்ல அறுத்தா எப்ப அறுத்து எப்ப விக்கறது?" என்றாள் பூக்காரி.

"உங்க கதம்பத்தவிட வேகமா விப்பேனுங்க" என்றாள் ரூத் தரையில் உட்கார்ந்தபடி. இப்போது பூக்காரியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுபடி எழுந்தாள். விழுந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் காரை மறந்துவிட்டார். "ஏம்மா, செவத்தப் புடிச்சுக்கிட்டு வரக் கூடாதா?" என்று யோசனை சொன்னார். "இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கம்மா" என்று என்னிடமும் சொன்னார். நான் சந்தோஷமாக இன்னும் இரண்டு குடம் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது கூட்டம் ஷெட்டின் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. ரூத் சுவரிலிருந்து உந்தித் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் விரித்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, ஷெட்டின் இந்தப் பக்கத்திலிருந்து பாதி தூரம் வரை அப்படியே மிதந்து வந்தாள். சிமெண்டில் கத்தி கீறும் ஓசை மட்டும் கேட்டது. அந்த ஏரி எப்படி இருந்திருக்கும், அவள் அம்மா கரையில் எங்கே நின்றிருப்பார் என்பதெல்லாம் எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. தரை தீர்ந்ததும் தடுமாறி, நேராகச் சப்-இன்ஸ்பெக்டர் மேல் மோதி நின்றாள். அவர் தொப்பி சவுக்காரத் தண்ணீரில் விழுந்தது. அவரே முதலில் சிரித்தார்.

தொப்பியைத் துடைத்து மாட்டிய பிறகு அவர் சிரிப்பு மறைந்துவிட்டது. மணி பார்த்தார். "போதும்மா. இனி நின்னா ரயில் போயிடும். ஏறச் சொல்லு." நான் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தேன். கத்திகள் துடைக்கப்பட்டுப் பெட்டிக்குள் போயின. ரூத் அந்த வெயிலில் கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். காரின் பின்கதவு திறந்திருந்தது. அவள் ஒரு காலை உள்ளே வைத்தபோது மலைக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஹாரன் கேட்டது. ஒருமுறை அமுக்கினால் விடாமல் அலறும் நம் பஸ் ஹாரன். அன்றைக்கு அதை அவர் வழி நெடுக அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

பஸ் நிற்பதற்குள் டாக்டரம்மா படியிலிருந்து குதித்தார். காகிதத்தைச் சப்-இன்ஸ்பெக்டர் முழுவதும் படித்தார், திரும்ப ஒருமுறை படித்தார். முகாம் வேண்டியதில்லை, இந்த ஊரிலேயே இருக்கலாம், வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் பெரிதாக மூச்சு விட்டார். அவருக்கும் அது பாரமாகத்தான் இருந்திருக்கிறது. போகும்போது டாக்டரம்மாவிடம் கேட்டார்: "அந்த இரும்பு நெசமா எந்தத் தொழிலுக்குங்க?"

"தொழிலா? விளையாட்டுக்கு" என்றார் டாக்டரம்மா.

உன் அப்பா நிமிர்ந்து பார்த்தார். முதலில் என்னை, பிறகு ரூத்தை. "வெளையாட்டுச் சாமானா? நல்லவேளை இது நேத்து எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா பலகையில ஏத்தியிருக்க மாட்டேன்" என்றார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அவர்தான் மறக்காமல் அதைக் கேட்டு வாங்கிப் பலகையில் வைத்தார்.

ரூத்தின் அம்மாவிடமிருந்து அடுத்த வருஷம் கடிதங்கள் நின்றன. அதற்குப் பின் போர் முடியும்வரை ஒன்றும் தெரியவில்லை. போர் முடிந்து தெரிந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் டாக்டரம்மாவிடம் நர்ஸ் வேலை கற்றாள். இப்போது மைசூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அந்தக் கவுன்களில் கடைசி டக்கு வரை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். நீ டாக்டருக்குப் படிக்கப் போகிறாய் என்று எழுதினேன். அவள் அனுப்பிய பதிலில் பாதி தமிழில், பாதி எந்த மொழியிலும் இல்லாத குதூகலத்தில் இருந்தது.

உனக்கு நான் சொல்ல நினைத்தது அன்றைக்குப் போலீஸ்காரர்கள் போன பிறகு நடந்த ஒன்றைத்தான். கூட்டம் கலைந்துவிட்டது. உன் அப்பா ஸ்பானரோடு பஸ்ஸுக்கு அடியில் படுத்துவிட்டார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ரூத் பெட்டியோடு உள்ளே வந்தாள். நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, திரும்ப அதே பெட்டியில்தான் வைப்பாள். அலமாரியில் இடம் ஒதுக்கித் தந்தும் வைக்க மாட்டாள். எந்த நேரத்திலும் தூக்கிக்கொண்டு கிளம்பும்படியாக அது கட்டிலுக்கு அடியில் பூட்டியே இருக்கும். அன்று மத்தியானம் பெட்டியைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, என் புடவைகளுக்கும் உன் பாவாடைகளுக்கும் நடுவில் அடுக்கினாள். படத்தை மாடத்தில் வைத்தாள். கோட்டை ஆணியில் மாட்டினாள். காலிப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "அக்கா, இது பரண் மேல போகட்டுங்க" என்றாள்.

கண்ணு, விடுதிக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், உன் பெட்டியைக் காலி செய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாதியில் விடாதே. அழுகை வந்தால் அழுதுகொண்டே அடுக்கு. அங்கே உனக்கென்று ஒரு அலமாரி இருக்கும். அதன் எல்லாத் தட்டுகளிலும் உன் பொருள் இருக்கட்டும், ஒன்றும் வெறுமையாக வேண்டாம். ஊர் நினைப்பு வந்தால் எழுது, உன் அப்பா பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு சென்னைக்கே வந்துவிடுவார். ஆனால் பெட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளாதே. எட்டாத உயரத்தில் ஏற்றிவிடு. தீபாவளிக்கு முன் நான் வருவேன். உன்னைப் பார்ப்பதற்கு முன்பே உன் அலமாரியைத்தான் திறந்து பார்ப்பேன்.

உன் அம்மா